கணக்கா, கம்ப்யூட்டரா என்று பிரிக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ முடித்தவர்களுக்காக உங்கள் நாளிதழோடு வந்த உயர்கல்வி வழிகாட்டி இணைப்பைப் படித்தேன். பாதிக்கு மேல் கம்ப்யூட்டர் படிப்புகள்தான். கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐ.டி., ஏ.ஐ. அண்டு டேட்டா சயின்ஸ், சைபர் செக்யூரிட்டி என்று கட்டம் கட்டிப் போட்டிருக்கிறீர்கள். கணிதம் எங்கே என்று தேடினால் கடைசிப் பக்கத்தில், ஆசிரியர் வேலையில் ஆர்வம் உள்ளவர்களுக்கு என்ற தலைப்பின் கீழ், பி.எட்.டுக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொண்டு நிற்கிறது. இரண்டையும் சேர்த்து ஒரே பட்டமாகப் படிக்க வழி இருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும். வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால் என்னைப் பற்றிச் சொல்வதை வெட்டுங்கள், பாடத்தைப் பற்றிச் சொல்வதில் கை வைக்காதீர்கள்.

நான் தண்டையார்பேட்டையில் மாடி அறையில் டியூஷன் எடுப்பவள். பி.எஸ்ஸி. கணிதம் படித்ததும் வடசென்னையில்தான். தொண்ணூறுகளில் பாதிப் பேர் செய்ததுபோல நானும் மேற்கொண்டு பி.ஜி.டி.சி.ஏ. என்ற கம்ப்யூட்டர் டிப்ளமோ ஒன்றை முடித்து வைத்தேன். பிளஸ் ஒன், பிளஸ் டூ கணிதம்தான் எனக்குச் சோறு போடுகிறது. பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியைக் கேட்டு வருகிறவர்களுக்கு அதையும் சொல்லித்தருகிறேன், அதற்குத் தனியாகக் காசு வாங்குவதில்லை. பிள்ளைகள் காசிமேடு, புதுவண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டைப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள். அப்பாக்களில் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர் உண்டு, ஹார்பரில் ட்ரெய்லர் ஓட்டுகிறவர் உண்டு, எம்.சி. ரோட்டு ஜவுளிக்கடையில் காலை முதல் இரவு வரை நிற்கிறவர் உண்டு.

ரிசல்ட் வந்த வாரம் மாடிப்படியில் செருப்பு வைக்க இடமிருக்காது. பெற்றோர் கேட்பது எல்லாம் ஒன்றுதான். "மிஸ், கணக்குல நல்ல மார்க் வாங்கியிருக்கா. ஆனா கணக்கு எடுத்தா டீச்சர் வேலைதானே? கம்ப்யூட்டர்ல சேத்துடட்டுமா?" அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. வீட்டில் முதல் பட்டதாரியை உருவாக்கப் போகிறவர்கள், கடன் வாங்கிக் கட்டப் போகிறவர்கள், வேலையைப் பற்றித்தான் கேட்பார்கள். ஆனால் கணக்கு ஒரு பக்கம், கம்ப்யூட்டர் இன்னொரு பக்கம், நடுவில் சுவர் என்ற நினைப்பு அவர்களாகக் கண்டுபிடித்தது இல்லை. பள்ளியும் கல்லூரியும் உங்களைப் போன்ற பத்திரிகைகளும் சேர்ந்து கட்டிய சுவர் அது.

வேடிக்கையைப் பாருங்கள். பொறியியல் கலந்தாய்வில் கட்-ஆஃப் 200. அதில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் பாடத்தில் நூற்றுக்கு நூறு எடுத்தாலும் கம்ப்யூட்டர் சயின்ஸ் இன்ஜினியரிங் சீட்டுக்கு அந்த மார்க்கை எண்ணுவதே இல்லை. யார் கம்ப்யூட்டர் படிக்கத் தகுதியானவர் என்று முடிவு செய்ய வேண்டியபோது கணிதத்துக்குப் பாதி எடை கொடுக்கிறார்கள். சீட்டு கிடைத்த பிறகு அதே கணிதத்தை செமஸ்டருக்கு ஒரு பேப்பர் என்று தள்ளி, பாஸ் பண்ணிவிட்டால் போதும் என்கிறார்கள்.

பள்ளியிலேயே இந்தக் கோணல் ஆரம்பித்துவிடுகிறது. டி மார்கன் விதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். 'இது அல்லது அது' என்பதை மறுத்தால் 'இதுவும் இல்லை, அதுவும் இல்லை' என்று ஆகும் என்பது போன்ற விதிகள். ஒன்பதாம் வகுப்புக் கணிதத்தில் கணங்கள் பாடத்தில், ஒன்றை ஒன்று வெட்டும் வட்டங்களாக வருகின்றன. பதினொன்றில் கம்ப்யூட்டர் சயின்ஸ் புத்தகத்தில் பூலியன் இயற்கணிதமாக, லாஜிக் கேட் படத்தோடு வருகின்றன. பன்னிரண்டில் கணிதப் புத்தகத்தின் கடைசிப் பாடமான தனிநிலைக் கணிதத்தில் மெய்மை அட்டவணையாக மறுபடி வருகின்றன. மூன்று ஆசிரியர்கள், மூன்று விதக் குறியீடுகள். ஒரே விஷயத்தைத்தான் மூன்று தரம் படிக்கிறோம் என்று பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை. தேர்வுக்கு முன் என்னிடம் வந்து, "மிஸ், இது புதுப் பாடமா?" என்று கேட்கிறார்கள். கடைசிப் பாடம் என்பதால் பல இடங்களில் அதை ஓட்டமாக ஓட்டிவிடுவார்கள், அது வேறு.

பதினொன்றாம் வகுப்பில் இன்னும் பெரிய கூத்து. கணிதப் புத்தகத்தில் கணிதத் தொகுத்தறிதல் இருக்கிறது. ஒன்றுக்குச் சரி, ஒரு எண்ணுக்குச் சரியானால் அதற்கு அடுத்ததற்கும் சரி, ஆகவே எல்லாவற்றுக்கும் சரி. கம்ப்யூட்டர் சயின்ஸ் புத்தகத்தில் தற்சுழற்சி இருக்கிறது. சின்ன கணக்குக்கு விடை தெரியும், பெரியதைச் சின்னதாக்கத் தெரியும், ஆகவே எதற்கும் விடை கிடைக்கும். நிரலில் திரும்பத் திரும்ப ஓடுகிற மடக்கு (லூப்) எத்தனை முறை ஓடினாலும் மாறாமல் நிற்கும் ஒன்றைக் கண்டுபிடிப்பது பற்றி ஒரு பாடமே வைத்திருக்கிறார்கள், பச்சோந்திகள் சந்தித்து நிறம் மாறுகிற ஒரு அருமையான புதிரோடு. அந்தப் புத்தகத்தை எழுதியவர்கள் இரண்டு பாடத்தையும் ஒன்றாகப் பார்க்கத் தெரிந்தவர்கள். கையில் கிடைத்த பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்றால் முதல் பாடத்தில் படிப்படியாக எழுதி மார்க் வாங்குகிறார்கள், இரண்டாவதை புக்-பேக் கேள்வியோடு முடித்துக்கொள்கிறார்கள். பதினொன்றுக்கு இனி பொதுத்தேர்வு இல்லை என்று 2025-ல் அறிவித்தாகிவிட்டது. தேர்வுச் சுமை குறைந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் பதினொன்றிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை ஆரம்பித்துவிடும் பள்ளிகள் இந்த இரண்டு பாடத்தையும் என்ன செய்யும் என்று உங்களுக்கே தெரியும்.

சரி, இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

என்னிடம் படித்த ஒரு பையன். அப்பா காசிமேட்டில் படகு எஞ்சின் மெக்கானிக். அக்காவுக்கு அரசு கொடுத்த பழைய லேப்டாப் ஒன்று வீட்டில் இருந்தது, அதை எடுத்துக்கொண்டு வருவான். ஒரு நாள் ஓய்வாக இருந்தபோது ஒரு கேள்வி கொடுத்தேன். 4 என்ற எண்ணை எத்தனை விதமாகக் கூட்டலாகப் பிரிக்கலாம்? 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. ஆக 5 விதம். 5-ஐப் பிரித்தால் 7 விதம். 9-க்கு 30. 100-க்கு எத்தனை என்று பைத்தானில் கண்டுபிடி என்றேன்.

எல்லா விதங்களையும் ஒவ்வொன்றாக உண்டாக்கி எண்ணும்படி முதலில் எழுதினான். 30, 40 வரை கடகடவென்று ஓடியது. 70-க்கு மேல் லேப்டாப் மூச்சு வாங்கியது. 100 கொடுத்ததும் மின்விசிறி இரைந்ததே தவிர விடை வரவில்லை. வராதுதான். 100-ஐப் பிரிக்கும் விதங்கள் 19,05,69,292. ஏறக்குறைய பத்தொன்பது கோடி. ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தால் அந்தக் கிழட்டு லேப்டாப் என்ன செய்யும்?

அப்போது கம்ப்யூட்டரை மூடச் சொல்லி நோட்டை எடுக்கச் சொன்னேன். ஒரு எண்ணை, 10-க்கு மேற்படாத துண்டுகளாகப் பிரிக்கிறோம் என்று வைத்துக்கொள். அதில் 10 என்ற துண்டு ஒன்றாவது இருக்கும், அல்லது இருக்காது. இருக்காது என்றால் 9-க்கு மேற்படாத துண்டுகளாகப் பிரிக்கிற கணக்கு. இருக்கும் என்றால் ஒரு 10-ஐ எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தைப் பிரிக்கிற கணக்கு. இரண்டையும் கூட்டு. அவ்வளவுதான். பிளஸ் ஒன் சேர்மானங்கள் பாடத்தில் வருகிற அதே உத்தி. பையன் அதைக் கட்டம் போட்டு, முன்பு கண்டுபிடித்த விடைகளை எல்லாம் ஒரு பட்டியலில் வைத்துக்கொள்ளும்படி மாற்றி எழுதினான். எழுதிய வரிகள் முன்பைவிடக் குறைவு. எண்டர் தட்டினான். கையை எடுப்பதற்குள் 100-க்கு விடை வந்து நின்றது. 200 கொடுத்தான். 39,72,99,90,29,388. அதுவும் உடனே வந்தது. அதே லேப்டாப், அதே பைத்தான். மாறியது நோட்டில் எழுதிய நாலு வரி மட்டும்தான்.

கதை அங்கே முடியவில்லை. அவன் விடைகளை வரிசையாக அச்சிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தான். "மிஸ், 4-க்கு 5. 9-க்கு 30. 14-க்கு 135. 19-க்கு 490. 24-க்கு 1575. நாலுலயும் ஒம்பதுலயும் முடியற நம்பருக்கெல்லாம் விடை அஞ்சுலதான் வகுபடுது." ஆயிரம் வரை ஓட்டிப் பார்த்தான், ஒன்றுகூடத் தப்பவில்லை. "ஆயிரம் வரைக்கும் வந்துடுச்சே, அப்ப ப்ரூவ் ஆயிடுச்சுதானே?"

இல்லையப்பா என்று சொல்லி வேறொன்றைக் கொடுத்தேன். ஒரு எண்ணை எடு, அதன் வர்க்கத்தைக் கூட்டு, 41-ஐச் சேர். 0-க்கு 41, 1-க்கு 43, 2-க்கு 47. எல்லாம் பகா எண். 39 வரை ஒன்றுவிடாமல் பகா எண்ணே வரும். 40-இல் 1681 வரும். அது 41 தரம் 41. நாற்பது தரம் சரியாக வந்ததை நம்பி ஏமாந்தோம் அல்லவா? அப்படியென்றால் ஆயிரம் தரம் வந்ததை மட்டும் எப்படி நம்புவது? பையன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அப்ப எல்லாத்துக்கும் வரும்னு யாராச்சும் ப்ரூவ் பண்ணியிருக்காங்களா?" என்றான்.

பண்ணியிருக்கிறார். நம் பக்கத்து ஆள்தான். 1912 மார்ச் மாதம் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் முப்பது ரூபாய்ச் சம்பளத்துக்குச் சேர்ந்தவர், ஜார்ஜ் டவுன் சைவ முத்தையா முதலி தெருவில் குடியிருந்தவர். ராமானுஜன் இங்கிலாந்து போன பிறகு, மக்மஹோன் என்ற கணித அறிஞர் 200 வரைக்கும் இந்தப் பிரிப்பு எண்களைக் கையாலேயே கணக்கிட்டு ஒரு அட்டவணை போட்டுக் கொடுத்தார். நான் மேலே எழுதிய அந்தப் பதின்மூன்று இலக்க எண் அதில் கடைசி. அந்த அட்டவணையை உற்றுப் பார்த்துத்தான் ஐந்தால் வகுபடும் இந்த ஒழுங்கை ராமானுஜன் கண்டார். கண்டதோடு நிற்காமல் எல்லா எண்ணுக்கும் பொருந்தும் என்று நிரூபித்து 1919-ல் வெளியிட்டார். மக்மஹோன் அட்டவணை கொடுத்த இடத்தில் என் மாணவனுக்கு லேப்டாப் கொடுத்தது. உற்றுப் பார்த்தது வரை இருவரும் செய்தது ஒரே வேலை. அதன் பிறகுதான் கணிதம் வேண்டியிருக்கிறது.

ராமானுஜன் பிறந்த நாளான டிசம்பர் 22 வந்தால் நம் பள்ளிகளில் அவர் படத்துக்கு மாலை போட்டு, 1729 என்ற டாக்ஸி நம்பர் கதையைச் சொல்லி, பேச்சுப் போட்டி வைத்துக் கலைந்துவிடுகிறார்கள். ராயபுரத்தில் பி.கே. சீனிவாசன் 1993-ல் தொடங்கிய ராமானுஜன் அருங்காட்சியகம் இருப்பதே பக்கத்துத் தெருக்காரர்கள் பலருக்குத் தெரியாது. முத்தியால்பேட்டைப் பள்ளியில் கணித ஆசிரியராக இருந்து, பிள்ளைகள் கையால் செய்து கணிதம் கற்க வேண்டும் என்று வாழ்நாள் முழுக்கச் சொன்னவர் அவர். இன்றைக்கு இருந்திருந்தால் ஒவ்வொரு பிள்ளை கையிலும் லேப்டாப்பையும் நோட்டையும் சேர்த்தே கொடுத்திருப்பார் என்று எனக்கு ஒரு எண்ணம்.

பையன் அந்த நிரூபணத்தைக் கேட்டான். பி.எஸ்ஸி.யோடு நின்ற நான் ஓரளவு சொன்னேன், பாதிக்கு மேல் போக என்னால் ஆகவில்லை. அதைச் சொல்லித்தரும் படிப்பில்தான் அவன் சேர்ந்திருக்க வேண்டும். உறவினர்கள் சொன்னார்கள் என்று ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்தான். மூன்றாவது செமஸ்டரில் டிஸ்க்ரீட் மேத்தமடிக்ஸ், அதாவது அதே தனிநிலைக் கணிதம், வந்தபோது போன் செய்தான். அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் அந்தப் பேப்பரின் முதல் அலகே தர்க்கமும் நிரூபணமும்தான். பாடத்திட்டம் போட்டவர்களை நான் மெச்சுகிறேன். ஆனால் அவன் கல்லூரியில் கொடுத்தது 'இம்பார்ட்டன்ட் கொஸ்டின்ஸ்' என்று ஒரு ஜெராக்ஸ் கட்டு. இரண்டு மார்க் இத்தனை, பதிமூன்று மார்க் இத்தனை. "ப்ரூஃபையெல்லாம் மனப்பாடம் பண்ணச் சொல்றாங்க மிஸ்" என்றான். அவன் நன்றாகத்தான் படிக்கிறான், வேலையும் கிடைத்துவிடும். என் ஆற்றாமை அதைப் பற்றியது அல்ல.

கணிதமும் கம்ப்யூட்டரும் ஒன்றாக இருந்த இடத்தில் என்ன நடந்திருக்கிறது என்பதற்கு நம் நாட்டிலேயே நல்ல சாட்சி இருக்கிறது. ஒரு எண் பகா எண்தானா என்று, எண் எவ்வளவு பெரியதானாலும், வேகமாகவும் துளிச் சந்தேகம் இல்லாமலும் கண்டுபிடிக்க வழி உண்டா என்பது வெகுகாலமாக விடை தெரியாமல் இருந்த கேள்வி. 2002 ஆகஸ்ட்டில் கான்பூர் ஐ.ஐ.டி.யில் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் உண்டு என்று காட்டினார்கள். கயாலும் சக்சேனாவும் அப்போதுதான் பி.டெக். முடித்த பையன்கள். மூவரும் கம்ப்யூட்டர் சயின்ஸ் துறைக்காரர்கள், கட்டுரை வெளியானதோ உலகத்தின் முதன்மையான கணித ஆய்விதழ் ஒன்றில். கணினி அறிவியலுக்கான கோடல் பரிசு 2006-ல் கிடைத்தது. இந்த வேலை எந்தத் துறைக்குச் சொந்தம் என்று யாராவது பிரித்துச் சொல்லட்டும் பார்க்கலாம்.

ஏ.ஐ. பற்றி நான் அதிகம் எழுதப்போவதில்லை, உங்கள் பத்திரிகையில் அது இல்லாத நாளே இல்லை. ஒன்றுமட்டும். அதன் உள்ளே இருப்பது அணிகள் (மேட்ரிக்ஸ்), வகைக்கெழு (டெரிவேட்டிவ்), நிகழ்தகவு. மூன்றும் பிளஸ் ஒன், பிளஸ் டூ புத்தகத்தில் இருக்கின்றன. ஒரு சார்பு (ஃபங்ஷன்) எந்தப் பக்கம் இறங்குகிறது என்று வகைக்கெழுவை வைத்துப் பார்த்து, அந்தப் பக்கம் ஒரு சின்ன அடி எடுத்து வைப்பது, மறுபடி பார்ப்பது, மறுபடி அடி எடுப்பது. இயந்திரம் கற்றுக்கொள்கிறது என்று சொல்வதில் பெரும்பகுதி இதுதான். கணக்குக்குப் பயந்து ஏ.ஐ. சேர்ந்தேன் என்று ஒரு பெண் என்னிடம் சொன்னபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

வேலை விஷயத்துக்கு வருகிறேன், பெற்றோர் இதைத்தான் கேட்பார்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் மணிக்கணக்கில் வரிசையில் நிற்பது எங்கள் ஏரியாவில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். யார்டில் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். அடியில் இருக்கிற பெட்டி வேண்டுமென்றால் மேலே இருப்பவற்றைக் கிரேன் தூக்கி வேறிடத்தில் வைக்க வேண்டும். அவற்றை எங்கே வைப்பது? இன்றைக்கு வைத்த இடம் நாளைக்கு இன்னொரு பெட்டியை மறிக்கும். வீண் தூக்கல்கள் மிகக் குறைவாக இருக்கும்படி எல்லாவற்றையும் எடுப்பது எப்படி என்பது கணினி அறிவியலில் பேர்போன கடினமான கணக்கு. பெட்டிகள் கூடக்கூட எல்லா வழிகளையும் சோதித்துப் பார்ப்பது எந்தக் கம்ப்யூட்டராலும் ஆகாது. விரைவாகச் சரியான விடை தரும் பொது வழி ஒன்றும் இதுவரை யாருக்கும் கிடைக்கவில்லை. அதனால் ஓரளவு நல்ல விடையை வேகமாகக் கண்டுபிடிக்கும் உத்திகளை உலகம் முழுக்கத் துறைமுகங்களுக்காக எழுதிக்கொண்டிருக்கிறார்கள். இதற்கு நிரல் எழுதத் தெரிந்தவர் வேண்டும், எது ஆகும் எது ஆகாது என்று கணக்குப் போட்டுச் சொல்லத் தெரிந்தவரும் வேண்டும். இரண்டும் ஒருவரே என்றால் இன்னும் நல்லது. ஹார்பர் ட்ரெய்லர் ஓட்டுகிறவர் மகள் இந்த வேலைக்கு வரக்கூடாதா?

இந்தப் படிப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டால், சென்னையிலேயே இருக்கிறது. சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் நிறுவனம், கணித மேதை சி.எஸ். சேஷாத்ரி 1989-ல் ஆரம்பித்தது. கணிதமும் கணினி அறிவியலும் சேர்ந்த பி.எஸ்ஸி. ஆனர்ஸ் பட்டத்தை 1998-லிருந்து நடத்துகிறார்கள். நுழைவுத்தேர்வு கணிதத்தில் மட்டும்தான், கம்ப்யூட்டர் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பாஸ்-ஃபெயில் கணக்குக்கு அல்ல, யோசிக்க வைக்கிற கேள்விகள். உதவித்தொகையும் ஹாஸ்டலும் உண்டு. ஊரின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குத் தினம் போய்வர வேண்டியதில்லை. முதல் புரோகிராமிங் பாடத்தையே ஹாஸ்கெல் என்ற, நம்மூர்க் கம்ப்யூட்டர் சென்டர் எதிலும் பெயர்கூடச் சொல்லாத மொழியில் நடத்துகிறார்கள். எழுதுவது கணிதச் சார்பு மாதிரியே இருக்கும், அதனால்தான். ஆனால் விண்ணப்பம் பிளஸ் டூ ரிசல்ட் வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. மே மாதம் இணைப்பு வெளியிட்டு என்ன பிரயோஜனம்? ஜனவரியில் போடுங்கள்.

ஐ.ஐ.டி.க்களிலும், 2022 முதல் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்திலும் கணிதமும் கணினியும் சேர்ந்த பி.டெக். இருக்கிறது. அதற்கு ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தாண்ட வேண்டும். என் மாடியில் படிக்கும் பிள்ளைகளுக்கு அது எட்டாக் கனி என்று சொல்ல மாட்டேன், இதுவரை யாரும் பறிக்கவில்லை என்று மட்டும் சொல்கிறேன். சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் தொடங்கிய ஆன்லைன் டேட்டா சயின்ஸ் பட்டத்துக்கு ஜே.இ.இ. வேண்டாம். நாலு வாரப் பாடம் படித்துத் தகுதித் தேர்வு எழுதினால் சேரலாம். அடிப்படை நிலையில் கணிதம் இரண்டு, புள்ளியியல் இரண்டு, பைத்தான் என்று நல்ல கலவை. வருமானம் குறைந்த வீடுகளுக்குக் கட்டணச் சலுகை உண்டு. தமிழ் மீடியம் பிள்ளைகள் ஆங்கில வீடியோவில் திணறுகிறார்கள். அது ஒரு குறைதான். கணிதமும் கம்ப்யூட்டரும் சமமாகப் படித்த பட்டம் என்றும் அதைச் சொல்ல முடியாது. ஆனாலும் கல்லூரிக்குப் பஸ் பாஸ்கூட யோசித்து எடுக்கிற வீட்டுக்கு இது ஒரு வழி.

என் கேள்வி அரசுக் கல்லூரிகளைப் பற்றியது. பிராட்வேயில் பாரதி மகளிர் கல்லூரி இருக்கிறது, வியாசர்பாடியில் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. கணிதத்துக்கு ஒரு துறை, கம்ப்யூட்டருக்கு ஒரு துறை என்று வைத்திருக்கிற கல்லூரிகளில் இரண்டையும் சேர்த்து ஒரு பட்டம் தொடங்க என்ன தடை? புதுக் கட்டடம் வேண்டாம், இருக்கிற லேபும் இருக்கிற ஆசிரியர்களும் போதும், ஆரம்பத்தில் ஒரு சின்ன வகுப்பு போதும். கணிதத்தில் துணைப்பாடமாகக் கொஞ்சம் கம்ப்யூட்டர், கம்ப்யூட்டரில் துணைப்பாடமாகக் கொஞ்சம் கணிதம் என்று இப்போது கொடுப்பது கறிவேப்பிலை மாதிரி. வாசனைக்குப் போட்டு ஓரமாக ஒதுக்கிவிடுகிறார்கள். நான் கேட்பது, தொகுத்தறிதல் நடத்துகிற வாரத்திலேயே லேபில் தற்சுழற்சி நடக்க வேண்டும். புள்ளிகளைக் கோடுகளால் இணைத்த படமான கோட்டுரு பற்றி ஒரு நாள் தேற்றம் படித்தால் மறுநாள் இரண்டு ஊருக்கு இடையே குறுகிய வழி கண்டுபிடிக்கும் நிரலை எழுதிப் பார்க்க வேண்டும். வகுத்தால் வரும் மீதியை மட்டும் வைத்துச் செய்கிற மாடுலோ கணக்கு படிக்கும்போதே, 1977-ல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மேன் மூவரும் கண்டுபிடித்த மறைகுறி முறையைச் சின்ன பகா எண்களை வைத்துச் செய்து பார்க்க வேண்டும். ஒரே கேள்வித்தாளில் பாதி நிரூபணம், பாதி நிரல் இருக்க வேண்டும். பாடத்திட்டம் போட வெளியே போக வேண்டாம். அழகப்பச் செட்டியார் 1950-ல் தொடங்கிய ராமானுஜன் நிறுவனம் இன்று சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயர்கணித ஆய்வு மையமாகச் சேப்பாக்கத்தில் இருக்கிறது. அவர்களால் முடியாதா?

சேர்கிற எல்லாருக்கும் இது ஒத்துவராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர் என்ற பேருக்காக வருகிறவர்கள் முதல் வருடமே திண்டாடிப்போவார்கள். நிரூபணம் எழுதப் பழக நாளாகும், மார்க் குறையும், வீட்டில் கேள்வி வரும். சீக்கிரம் வேலைக்குப் போயே ஆகவேண்டிய பிள்ளைக்கு நானே பி.சி.ஏ. போ என்று சொல்லியிருக்கிறேன், இனியும் சொல்வேன். அதற்காக, 'எப்பவும் வருமா மிஸ்?' என்று கேட்கிற பிள்ளைக்கு வடசென்னையில் அரசுக் கல்லூரி ஒன்றில்கூட இடமில்லை என்பது சரியா?

உயர்கல்வித் துறையில் இருக்கிறவர்களோ, இந்தக் கல்லூரிகளில் பாடம் நடத்துகிறவர்களோ இதைப் படித்தால் உங்கள் பத்திரிகை வழியாகவே பதில் எழுதட்டும். முடியாது என்றாலும் ஏன் முடியாது என்று எழுதட்டும், பெற்றோருக்கு நான் சொல்ல வசதியாக இருக்கும். கடிதத்தின் கீழே என் பெயரைப் போட வேண்டாம். போட்டால் டியூஷனுக்கு விளம்பரம் தேடுகிறாள் என்பார்கள், ஏற்கெனவே மாடியில் இடமில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தண்டையார்பேட்டை, சென்னை - 81.